நம்ப மறுத்தவர்கள் – 9: விடை வராத ஜூலை

சென்ற வாரம் பஸாரவின் சாவுப் படுக்கையருகே நிறுத்தியிருந்தோம். டைபஸில் இறந்த ஒருவனின் உடலை அறுத்துப் பார்க்கும்போது விரலில் பட்ட சிறு வெட்டு. அவ்வளவுதான். கடவுளையும் கவிதையையும் ஒரே கையால் ஒதுக்கிவிட்டுத் தவளைகளை அறுத்துக்கொண்டிருந்த அந்த இளைஞன் சில நாட்களில் முடிந்துபோனான். துர்கனேவின் ‘தந்தையரும் தனயரும்’ 1862இல் ‘ரஷ்யத் தூதன்’ என்ற மாஸ்கோ மாத இதழில் வெளிவந்தது.

அதற்கும் முன்னால், 1665இல் மோலியேரின் தோன் ழுவானைப் பார்த்தோம். கல்சிலை ஒன்று அவன் கையைப் பிடித்து நரகத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது. என் சம்பளப் பாக்கி போச்சே என்று அவனுடைய வேலைக்காரன் அலறியதும் நினைவிருக்கும்.

இப்படித்தான் நடந்துவந்தது. கதைக்குள் நாத்திகன் வரலாம். பேசலாம், கிண்டலடிக்கலாம், கூட்டத்தைச் சிரிக்கவும் வைக்கலாம். திரை விழுவதற்குள் கணக்கை மட்டும் தீர்த்துவிட்டுப் போக வேண்டும். ஒன்று சாக வேண்டும், அல்லது மண்டியிட வேண்டும்.

இந்த வாரம் அந்தக் கணக்கு பிசகிய இடத்துக்கு வருகிறோம். அதே ‘ரஷ்யத் தூதன்’. பதினேழு ஆண்டுகள் கழித்து. எழுதியவர் துர்கனேவுக்கு ஆகாதவர். கடவுளை நம்பியவர். கதையின் முடிச்சே அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இருக்கிறது.

* * *

1879 மே 10. ஸ்தாரயா ருஸ்ஸா.

நொவ்கொரோத் மாகாணத்தில் ஒரு சிற்றூர். உப்புநீர் ஊற்றுகளில் குளித்தால் உடம்புக்கு நல்லது என்று கோடையில் ஆட்கள் வந்து தங்குவார்கள். பெரெரீதித்ஸா ஆற்றங்கரையில் மரவீடு ஒன்று. அங்கிருந்து மாஸ்கோவுக்கு அன்று ஒரு கடிதம் கிளம்பியது. (இங்கே வரும் தேதிகள் அன்றைய ரஷ்ய நாட்காட்டிப்படி. மற்ற ஐரோப்பாவைவிட அது பன்னிரண்டு நாள் பின்னால் இருந்தது.)

எழுதியவர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி. வயது ஐம்பத்தேழு. நுரையீரல் நோய், வலிப்பு நோய் இரண்டும் உண்டு. இரவில்தான் எழுதுவார். மறுநாள் மனைவி அன்னா சுருக்கெழுத்துக் குறிப்பேட்டோடு உட்காருவார், இவர் சொல்லச் சொல்ல எடுப்பார். அந்த ஜனவரியிலிருந்து ‘கரமசோவ் சகோதரர்கள்’ மாதத் தொடராக வந்துகொண்டிருந்தது.

கடிதம் இதழின் துணை ஆசிரியர் லியூபிமோவுக்கு. அதன் சாரம் இது. நாவலின் ஐந்தாம் பகுதியில் முதல் பாதியை அனுப்புகிறேன், இதுதான் நாவலின் உச்சம். இதில் இவான் பேசுவது இன்றைய இளைஞர்களிடையே ஓடுகிற மறுப்பின் மையக்கரு. இதற்கான மறுமொழி சாகக் கிடக்கும் துறவி ஸோஸிமாவின் வாயால் அடுத்து வரும்.

இதுவரை சரி. மதப்பற்றுள்ள எழுத்தாளர், அரசுக்கு வேண்டிய இதழ், மறுப்பு முதலில், விடை பிறகு. அச்சமில்லை.

ஆனால் அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. என் பாத்திரம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் எதிர்த்து நிற்க முடியாதது என்றே நான் நினைக்கிறேன் என்று எழுதுகிறார். அது என்ன விஷயம்? குழந்தைகள் படும் துன்பத்துக்கு அர்த்தமே இல்லை என்பது.

நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது. எதிர்க்க முடியாத வாதம் என்று ஒப்புக்கொள்கிறார். எதிர்த்துச் சொல்கிறேன் என்று வாக்கும் கொடுக்கிறார். ஒரே கடிதம், ஒரே மை. அந்த விடையில் ஒரு வரிகூட இன்னும் அச்சுக்குப் போகும் நிலையில் இல்லை.

* * *

இப்படி ஒரு வில்லங்கத்தை ஒரு மனிதர் தானே ஏன் இழுத்து விட்டுக்கொள்கிறார்? முப்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

பீட்டர்ஸ்பர்க். 1840களின் நடுப்பகுதி. முதல் நாவலோடு வந்த தஸ்தயேவ்ஸ்கியைத் தூக்கிவைத்துக் கொண்டாடியவர் பெலின்ஸ்கி, அக்காலத்தின் முதல் விமர்சகர். காசநோய்க்காரர், கோபக்காரர், நாத்திகர். அவர் கிறிஸ்துவைப் பற்றித் தாறுமாறாகப் பேசும்போதெல்லாம் இளம் எழுத்தாளரின் முகம் மாறிவிடுமாம், அழப்போகிறவனைப் போல. கூட இருந்தவரிடம் பெலின்ஸ்கி அதைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். இதை நமக்குச் சொல்வது தஸ்தயேவ்ஸ்கியேதான், 1873இல் எழுதிய பத்திரிகைப் பத்தி ஒன்றில். கால் நூற்றாண்டு கழித்தும் அந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

பெலின்ஸ்கி 1841இல் நண்பர் போத்கினுக்கு ஒரு கடிதம் எழுதினார். வரலாற்றின் ஏணியில் உச்சிப்படிக்கு நான் ஏறிவிட்டாலும், வழியில் நசுங்கியவர்கள் ஒவ்வொருவருக்கும் கணக்குக் கேட்பேன், கணக்கு வராவிட்டால் தலைகுப்புறக் குதித்துவிடுவேன் என்பது அதில் வரும் கருத்து. இன்று படிக்கும்போது அது இவான் கரமசோவின் குரலாகவே கேட்கிறது.

அதே பெலின்ஸ்கி, திருச்சபையையும் பண்ணையடிமை முறையையும் தாங்கிப் பேசிய கோகோலைச் சாடி 1847இல் இன்னொரு கடிதம் எழுதினார். தடைசெய்யப்பட்ட அந்தக் கடிதத்தை ஒரு கூட்டத்தில் வாசித்ததுதான் தஸ்தயேவ்ஸ்கி மீதான முக்கியக் குற்றம். 1849 டிசம்பர் 22, செம்யோனோவ் சதுக்கம். மரண தண்டனை வாசிக்கப்பட்டது. முதல் மூவரைக் கம்பத்தில் கட்டினார்கள். அடுத்த மூவரில் ஒருவராக இவர் நின்றார். துப்பாக்கிகள் உயர்ந்தபின் மன்னிப்பு ஆணை வந்து சேர்ந்தது. எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடு செய்த நாடகம்.

பிறகு ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள், காலில் விலங்கு. கையில் இருந்த புத்தகம் புதிய ஏற்பாடு ஒன்றுதான். விசுவாசம் திரும்பியது அங்கேதான் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. 1854இல் வெளியே வந்ததும், அந்தப் புத்தகத்தைக் கொடுத்த பெண்களில் ஒருவரான நதாலியா ஃபொன்வீஸினாவுக்கு எழுதினார்: நான் ஐயத்தின் குழந்தை, சவப்பெட்டி மூடும்வரை அப்படியேதான் இருப்பேன். உண்மை ஒரு பக்கமும் கிறிஸ்து ஒரு பக்கமும் நின்றால் நான் கிறிஸ்துவின் பக்கம் போவேன் என்றும் அதில் எழுதினார். நம்புகிறவர் சொல்கிற பேச்சா இது? இரண்டும் எதிரெதிரே நிற்கக்கூடும் என்று யோசித்துப் பார்த்தவர் பேச்சு.

1868 டிசம்பரில் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் கடனோடு உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரிய நாவலுக்குத் திட்டம் போட்டார். பெயர் ‘நாத்திகம்’. இதை எழுதிவிட்டுச் செத்தாலும் சரி என்று நண்பர் மைக்கோவுக்குச் சொன்னார். அந்தப் பெயரில் அது வரவேயில்லை. அதன் துண்டுகள் மற்ற நாவல்களில் சிதறின. 1871–72இல் வந்த ‘பேய்கள்’ நாவலில் கிரில்லோவ் தன்னைச் சுட்டுக்கொண்டான், ஸ்தவ்ரோகின் தூக்கில் தொங்கினான். பழைய கணக்கு, பழைய தீர்வு.

இவான் விஷயத்தில் வேறு எது நடந்தது?

* * *

1878 மே 16. பீட்டர்ஸ்பர்க்.

தஸ்தயேவ்ஸ்கியின் கடைக்குட்டி அல்யோஷா இறந்தான். மூன்று வயது நிறையவில்லை. காலையில் நன்றாக இருந்த பிள்ளை, வலிப்பு வந்தது, நிற்கவேயில்லை. பிற்பகலில் போய்விட்டான். வலிப்பு நோய் தகப்பனுடையது. என்னிடமிருந்து போனதுதானே என்பதே அவரை உருக்குலைத்தது என்று அன்னா தன் நினைவுக்குறிப்புகளில் எழுதுகிறார்.

பத்து ஆண்டுகளுக்கு முன், இதே மே மாதம், ஜெனிவாவில் மூன்று மாதக் குழந்தை சோன்யாவைப் புதைத்தவர் அவர்.

ஜூனில் அன்னாவே ஏற்பாடு செய்து அவரை ஆப்டினா மடத்துக்கு அனுப்பிவைத்தார். துணைக்கு இளம் தத்துவவாதி விளாதிமிர் சொலவ்யோவ். அங்கே அம்ப்ரோஸி என்ற முதிய துறவியை மூன்று முறை கண்டார், இரண்டு முறை தனியாக. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அந்தத் துறவி சொல்லி அனுப்பிய ஆறுதலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த ஆறுதல் நாவலுக்குள் போயிற்று. துறவி ஸோஸிமா ஆனார். செத்த பிள்ளையின் பெயர் நாவலின் கதாநாயகனுக்கு வந்தது.

அப்படியானால் இவான்? அவனுக்கும் அந்த வீட்டிலிருந்தே ஒன்று வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. சான்றில்லை, என் ஊகம்தான். தகப்பன் ஆப்டினாவில் கேட்டு வாங்கிய ஆறுதல் ஸோஸிமாவிடம் போனது. ஆறுதலுக்கு அடங்காமல் மிஞ்சியது எங்கே போயிருக்கும்?

* * *

இனி அந்த அத்தியாயத்துக்கு வருவோம்.

சிற்றூர் உணவுவிடுதி. சாளரத்தோரம் ஒரு தடுப்பு மறைவு. அண்ணன் இவானுக்கு இருபத்துநான்காவது வயது நடக்கிறது. தம்பி அல்யோஷாவுக்கு இருபது, மடத்து அங்கி போட்டிருக்கிறான். ஒரே தகப்பனுக்குப் பிறந்தும் இதுவரை ஒருவரையொருவர் சரியாக அறியாதவர்கள். தம்பிக்கு மீன் சூப் வரவழைக்கிறான் அண்ணன். பிறகு தேநீர், செர்ரிப் பழப்பாகு. சின்ன வயதில் உனக்கு அது பிடிக்குமே என்கிறான்.

உலக இலக்கியத்தின் மிகக் கடுமையான இறைமறுப்பு பழப்பாகோடு ஆரம்பிக்கிறது. அதை எழுதியவர் தெரியாமல் எழுதவில்லை. இவான் தம்பியைப் பாசத்தோடுதான் உட்கார வைக்கிறான். தோன் ழுவானுக்கு யார் மீதும் பாசமில்லை. பஸாரவுக்கு இருந்தது, வெளியே காட்டினால் வெட்கம். இவன் வசந்தத்தில் தளிர்க்கும் பிசுபிசுப்பான இலைகளை நேசிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சையே எடுக்கிறான்.

பிறகு கதைகளைச் சொல்ல ஆரம்பிக்கிறான். பல்கேரியாவில் துருக்கிப் படைகள் குழந்தைகளுக்குச் செய்தது. படித்த தகப்பன் ஒருவன் ஏழு வயது மகளைப் பிரம்பால் விளாசியது. ஐந்து வயதுச் சிறுமியைப் பெற்ற தாயே குளிர் இரவில் கழிப்பறையில் பூட்டி, முகத்தில் மலத்தைப் பூசியது. தன் நாயின் காலைக் கல்லால் காயப்படுத்திய எட்டு வயது அடிமைப் பையனை, ஜெனரல் ஒருவர் அவன் தாய் பார்த்திருக்க வேட்டைநாய்களை ஏவிக் குதறவைத்தது.

எதுவும் கற்பனையில்லை. குழந்தைகள் பற்றி என் பாத்திரம் சொல்வது எல்லாம் உண்மையில் நடந்தவை, பத்திரிகைகளில் வந்தவை, எங்கே என்று காட்ட முடியும் என்று லியூபிமோவுக்கு எழுதினார். பிரம்படி வழக்கு குரோனெபர்க் என்ற வங்கிக்காரருடையது. 1876இல் நீதிமன்றம் அவரை விடுவித்தபோது தஸ்தயேவ்ஸ்கி தன் ‘எழுத்தாளனின் நாட்குறிப்பு’ இதழில் கொதித்துப் போய் எழுதியிருந்தார். கழிப்பறைச் சிறுமியின் கதை 1879 மார்ச்சில் கார்கோவில் விசாரணைக்கு வந்த வழக்கு. செய்தித்தாள் மை காய்வதற்குள் அது நாவலில் ஏறிவிட்டது. அந்த மலம் என்ற சொல்லை மென்மையாக்கிவிடாதீர்கள் என்று இதழாசிரியரைக் கெஞ்சவும் செய்தார்.

அந்த ஜெனரலை என்ன செய்யலாம் என்று இவான் தம்பியைக் கேட்கிறான். சுட வேண்டுமா?

மடத்து அங்கியில் இருக்கும் பையன் வெளிறிப்போய், மெல்ல, சுட வேண்டும் என்கிறான்.

இவானுக்கு அது போதும். தம்பியை ஓர் அடி நகர்த்திவிட்டான். படிக்கிறவர்களையும்.

அதன் பிறகு தன் நிலையைச் சொல்கிறான். கடவுள் இல்லை என்று நான் வாதாட வரவில்லை. இருக்கட்டும். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும், கொன்றவனும் செத்தவனும் கட்டிக்கொள்வார்கள், அதுவும் நடக்கட்டும். அந்த முடிவுக்கு விலையாக ஒரு குழந்தையின் கண்ணீர் கேட்கப்பட்டிருந்தால், அந்த விலைக்கு அது எனக்கு வேண்டாம். நுழைவுச்சீட்டை மரியாதையோடு திருப்பித் தருகிறேன்.

இவன் நாத்திகனே இல்லையே என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்கலாம், நியாயமான கேள்விதான். நாவலில் முன்னொரு இடத்தில், குடித்துவிட்டுத் தகப்பன் கேட்கும்போது, கடவுள் இல்லை என்று நேராகவே சொல்கிறான். இங்கே, இருந்தாலும் ஏற்க மாட்டேன் என்கிறான். இரண்டாவது முதலாவதைவிடக் கனமானது. கடவுள் இல்லை என்கிறவனுக்கு நிரூபணம் காட்ட முயலலாம். உலகம் இப்படி இருப்பது தப்பு என்கிறவனுக்கு எந்த நிரூபணத்தைக் காட்டுவது?

அதுவரை கதைகளில் நாத்திகனிடம் ஆணவம் இருந்தது, காமம் இருந்தது, அறிவின் திமிர் இருந்தது. இரக்கத்தால் கடவுளை மறுக்கிறவனை அப்போதுதான் ரஷ்ய வாசகர்கள் கண்டார்கள். அவனைக் கொண்டுவந்து நிறுத்தியவரோ ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்களின் கட்சி.

* * *

மே இதழில் இது வந்தது. ஜூன் இதழில் ‘மகா விசாரணையாளர்’. பதினாறாம் நூற்றாண்டு, செவில் நகரம். மத விசாரணையின் தீ எரிகிறது. கிறிஸ்து திரும்பி வருகிறார். தொண்ணூறு வயதுக் கார்டினல் அவரைச் சிறையில் அடைத்து, நீ மனிதர்களுக்குச் சுதந்திரம் என்ற சுமையைக் கொடுத்தாய், நாங்கள் அதை இறக்கிவைத்து ரொட்டி கொடுக்கிறோம், எங்களைத் தொந்தரவு செய்யாதே என்று பேசிக்கொண்டே போகிறார். இவான் மனதிலேயே புனைந்த கதை இது. கதைக்குள் கிறிஸ்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. எழுந்து கிழவரின் வற்றிய உதட்டில் முத்தமிடுகிறார். அல்யோஷாவும் மறுமொழி சொல்லாமல் அண்ணனை முத்தமிடுகிறான். திருட்டு, என் கதையிலிருந்து எடுத்துவிட்டாய் என்று இவான் மகிழ்ந்து கூவுகிறான்.

அடுத்த இதழில் விடை வர வேண்டும்.

ஜூலை இதழில் கரமசோவ் இல்லை.

தொடர்கதைக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இதன் வேதனை புரியும். கத்தியை ஓங்கிய இடத்தில் ‘தொடரும்’ போட்டால் ஒரு வாரம் தூக்கம் கெடும், அவ்வளவுதான். இங்கே ஓங்கி நிற்பது கத்தியில்லை. படித்த ரஷ்யா முழுவதும் இவான் கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கோடையைக் கழித்தது. பதில் சொல்கிறேன் என்றவரிடமிருந்து சத்தமில்லை.

அவர் ஜெர்மனியில் எம்ஸ் நகரத்துக்குப் போயிருந்தார். நுரையீரல் நோய்க்கு அங்கே ஊற்றுநீர் குடிக்கச் சொல்லியிருந்தார்கள். தனியாக, இருமிக்கொண்டு, கூட்டத்தைச் சபித்துக்கொண்டு, அன்னாவுக்குக் கடிதம் எழுதிக்கொண்டு, ஸோஸிமாவை முடிக்கப் பாடுபட்டுக்கொண்டு இருந்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி ‘ரஷ்யத் துறவி’ என்ற ஆறாம் பகுதியை மாஸ்கோவுக்கு அனுப்பினார்.

அது அச்சாகி வருவதற்குள் பொறுமையிழந்த ஒருவர் கடிதம் எழுதிவிட்டார். அவர் சாதாரண வாசகர் இல்லை. கான்ஸ்தந்தீன் போபெதொநோஸ்த்செவ், பட்டத்து இளவரசரின் பழைய ஆசான். அடுத்த ஆண்டே ரஷ்யத் திருச்சபையை அரசின் சார்பில் ஆளும் பதவிக்கு வரப்போகிறவர். பீட்டர்ஸ்பர்க்கில் சனிக்கிழமை மாலைகளில் தஸ்தயேவ்ஸ்கியோடு உட்கார்ந்து பேசும் நண்பரும்கூட. விசாரணையாளர் அத்தியாயம் என்னை உலுக்கிவிட்டது, ஆனால் மறுப்பு எங்கே, காத்திருக்கிறேன், இன்னும் வரக்காணோமே என்று கேட்டார்.

ஆகஸ்ட் 24ஆம் தேதி எம்ஸிலிருந்து போன பதிலை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதன் நேர்மை திகைக்க வைக்கிறது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி, என் கவலையும் பயமும் அதுதான் என்று எழுதுகிறார். இவான் சொன்னதற்கு வரிக்கு வரி பதில் இருக்காது. விடை மறைமுகமானது, ஒரு சித்திரமாக வரும். அது போதுமா என்றுதான் நடுங்குகிறேன்.

* * *

ஆகஸ்ட் இதழ் வந்தது. என்ன இருந்தது அதில்?

ஒரு சாவுப் படுக்கை. ஸோஸிமா தன் வாழ்க்கையைச் சொல்கிறார். பதினேழு வயதில் காசநோயால் இறந்த அண்ணன் மார்கேல், சாகும் தறுவாயில் பறவைகளிடம்கூட மன்னிப்புக் கேட்டது. தான் இராணுவ அதிகாரியாக இருந்தபோது ஒரு சண்டையில் எதிராளி சுட்டபின் தன் துப்பாக்கியைத் தூக்கியெறிந்தது. கொலையை மறைத்துவைத்த ஒரு கனவான், பதினான்கு ஆண்டுகள் கழித்து உண்மையைச் சொன்னது. பிறகு போதனைகள். எல்லோர் பாவத்துக்கும் எல்லோரும் பொறுப்பு. மண்ணை முத்தமிடுங்கள்.

அழகான பக்கங்கள், மறுக்கவில்லை. ஆனால் இவான் கேட்டது இதுவா? நாய்கள் குதறிய பையன் எதற்காகச் செத்தான் என்றால், உன் அண்டை வீட்டுக்காரனை நேசி என்று பதில் வருகிறது. வாதத்துக்கு வாதம் இல்லை. வாழ்ந்து காட்டுவதுதான் விடை என்பது எழுதியவரின் நிலை. அதை ஏற்பவர்கள் ஏற்கலாம். எனக்கு எப்போதும் இவானின் குரலே உரத்துக் கேட்டிருக்கிறது. ஒருவேளை அதை எழுதியவருக்கும்.

ஏனென்றால் அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள்.

செப்டம்பர் இதழ். ஸோஸிமா இறந்துவிட்டார். மகானின் உடல் அழுகாது, நறுமணம் வீசும் என்று ஊரே கூடி நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் பிணம் நாறுகிறது. சாதாரணப் பிணத்தைவிடச் சீக்கிரமாக. எதிரிகள் சிரிக்கிறார்கள். அல்யோஷா நொறுங்கிப்போய் வெளியே வருகிறான். கடவுளை எதிர்க்கவில்லை, அவருடைய உலகத்தைத்தான் ஏற்கவில்லை என்று ஒருவனிடம் சொல்கிறான். அண்ணன் விடுதியில் சொன்ன பேச்சு, தம்பி வாயில்!

நாத்திகனுக்கு விடையாகக் கொண்டுவந்த துறவியை இதழ் ஒன்று கழிவதற்குள் நாற வைக்கும் துணிச்சல் வேறு எந்தப் பக்தருக்கு இருந்திருக்கும்? இந்த அத்தியாயத்தையும் வெட்டாதீர்கள் என்று லியூபிமோவுக்குத் தனியாக எழுதிக் கேட்டுக்கொண்டார். அல்யோஷா பிறகு அதே இரவில் மீள்கிறான், மண்ணில் விழுந்து முத்தமிடுகிறான். அந்த மீட்சியும் நாற்றத்தின் வழியாகத்தான் வருகிறது.

இப்படியெல்லாம் எழுதியபின்னும் விமர்சகர்கள் சிலர் அவருடைய பக்தியைப் படிக்காத பழமைவாதியின் பக்தி என்றார்கள். தன் கடைசிக் குறிப்பேட்டில் அவர் சீறினார். நான் எழுதிய அளவு வலுவான மறுப்பை இந்த முட்டாள்கள் கனவிலும் கண்டதில்லை, நாவல் முழுவதுமே அந்த ஒரு மறுப்புக்கு விடை. நான் சிறுபிள்ளைபோல நம்பவில்லை, ஐயத்தின் உலைக்குள் புகுந்துதான் வந்தேன்.

1879 டிசம்பர் 30ஆம் தேதி பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழக மாணவர் நிதிக்காக ஒரு வாசிப்பு நடந்தது. தஸ்தயேவ்ஸ்கி படிக்க எடுத்துக்கொண்டது ஸோஸிமாவை அல்ல. விசாரணையாளரை. முன்னுரையாக இவானை அறிமுகப்படுத்தினார்: தன் நம்பிக்கையின்மையால் துன்புறும் ஒரு நாத்திகன்.

* * *

1880 ஆகஸ்ட். கதை முடிவை நெருங்குகிறது.

தகப்பன் கரமசோவ் கொலையாகிவிட்டார். கொன்றவன் சமையல்காரன் ஸ்மெர்தியாகோவ். எல்லாம் அனுமதிக்கப்பட்டதுதான் என்று நீங்கள்தானே கற்றுக்கொடுத்தீர்கள், நீங்கள்தான் கொலைகாரர், நான் வெறும் கை என்று இவானின் முகத்துக்கு நேரே சொல்கிறான். பணக்கட்டை எடுத்து மேசையில் வைக்கிறான்.

பழைய கணக்கு திரும்பி வருகிறது பாருங்கள். கடவுளை மறுத்தால் கடைசியில் தகப்பனைக் கொல்வாய். இந்த இடத்தில் தஸ்தயேவ்ஸ்கி பகடையைத் தன் பக்கம் உருட்டுகிறார் என்றே எனக்குப் படுகிறது. குழந்தைகளுக்காகத் துடித்தவனின் பேச்சிலிருந்து ஒரே ஒரு வாக்கியத்தைக் கத்தரித்துக் கொலைகாரன் கையில் கொடுத்தது ஆசிரியரின் கைதான்.

அன்றிரவு இவானின் அறைக்குச் சாத்தான் வருகிறான். கொம்பில்லை, நெருப்பில்லை. நைந்த கட்டம் போட்ட கால்சட்டை, பழைய மோஸ்தர் மேலங்கி, மூட்டுவாதம். பிறர் வீட்டில் ஒட்டிக்கொண்டு வாழும் நொடித்துப்போன பிரபுவைப்போல. நீ என் மூளையின் நோய் என்கிறான் இவான். இருக்கலாம் என்கிறது அது. கடவுளை நம்பாதவன் இப்போது தன் சாத்தானையும் நம்ப முடியாமல் தவிக்கிறான். தேநீர்க் கோப்பையை எடுத்து அதன்மேல் வீசுகிறான்.

இந்த அத்தியாயத்துக்காக மருத்துவர்களிடம் கேட்டுத் தெளிந்ததாக லியூபிமோவுக்கு எழுதினார். நோயை நோயாகவே காட்ட விரும்பினார். மறுநாள் நீதிமன்றத்தில் உண்மையைச் சொல்லப்போன இவானைக் கூவக் கூவ வெளியே தூக்கிச் சென்றார்கள். மூளைக்காய்ச்சல்.

1880 நவம்பரில் நாவல் முடிந்தது. பின்னுரையில் இவான் எங்கே இருக்கிறான் என்று தேடிப்பாருங்கள். கத்தெரினா இவானோவ்னா என்ற பெண்ணின் வீட்டில், ஓர் அறையில், நினைவில்லாமல் கிடக்கிறான். மருத்துவர்கள் எதுவும் உறுதி சொல்லவில்லை.

சாகவில்லை. மண்டியிடவுமில்லை. பஸாரவைத் துர்கனேவ் புதைத்துவிட்டார், பெற்றோர் கல்லறையில் வந்து அழுதார்கள். கிரில்லோவுக்கும் ஸ்தவ்ரோகினுக்கும் இவரே முடிவு எழுதினார். இவானை மட்டும் கதவைத் திறந்துபோட்டபடி அறையில் விட்டுவிட்டுப் போனார்.

கரமசோவ் கதைக்கு இரண்டாவது நாவல் ஒன்று உண்டு என்று முன்னுரையிலேயே சொல்லியிருந்தார். நாவல் முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1881 ஜனவரி 28ஆம் தேதி, குஸ்னெச்னி சந்தில் உள்ள வீட்டில், நுரையீரலில் இரத்தம் கசிந்து தஸ்தயேவ்ஸ்கி இறந்தார். அடுத்த நாவலில் ஒரு பக்கமும் இல்லை.

அந்த அறையில் கிடந்தவன் கண் விழித்தானா? விழித்திருந்தால், திருப்பிக் கொடுத்த நுழைவுச்சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருப்பானா?

ஐம்பத்தேழு ஆண்டுகள் கழித்து, 1938இல், அல்ஜியர்ஸ் நகரத்தில் ஒரு சிறு நாடகக் குழு ‘கரமசோவ் சகோதரர்கள்’ நாடகத்தை மேடையேற்றியது. இவானாக நடிக்க முன்வந்த இளைஞனுக்கும் வயது இருபத்துநான்கு. அவனுக்கும் நுரையீரலில் நோய். பெயர் ஆல்பர்ட் காம்யு. ஒப்பனை போட்டுக்கொண்டு மேடையேறியவன் இவானைப் படுக்கையிலிருந்து எழுப்பினானா, அல்லது வேறொருவனை இவான் என்று நம்மிடம் காட்டினானா?

(தொடரும்)